விளங்காத மொழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஓகஸ்ட் பிறந்தால் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு வெளிநாட்டுச் சொந்தங்கள்தான். எங்கள் வீட்டிலும் ஜேர்மனியில் இருந்து சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மகன், ஜேர்மன் மருமகள், ஏழு வயதுப் பேத்தி. ஓர் இரவு எல்லோருமாக உட்கார்ந்து 'அல்மான்யா' படம் பார்த்தோம். துருக்கி மொழியில் ஜேர்மனிக்கு அதுதான் பெயர். 2011 இல் யாஸ்மின் சம்தெரெலி தன் தங்கை நெஸ்ரினோடு சேர்ந்து எழுதி, தானே இயக்கிய நகைச்சுவைப் படம்.

1961 இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு, ஜேர்மனி தொழிலாளர்களை வரவழைத்தது. 1964 இல் கொலோன் நகருக்கு வந்து இறங்கிய பத்து லட்சமாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஒரு மொபெட் பரிசாகக் கிடைத்தது. அவர் ஒரு போர்த்துக்கீசர். இது உண்மையில் நடந்தது. படத்தில் வரும் ஹுசைன் அவருக்கு அடுத்த ஆள். அவருக்கு மொபெட்டும் இல்லை, மேளதாளமும் இல்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறு ஒன்று. இந்தப் படத்தில் துருக்கிக் குடும்பம் நல்ல ஜேர்மன் பேசுகிறது. ஜேர்மன்காரர்கள் பேசுவதுதான் ஒரு சொல்லும் விளங்காத, இட்டுக்கட்டிய மொழி! புதிதாக வந்த அம்மா கடையில் பாலும் பாணும் வாங்கப் படும் பாட்டைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "கொஞ்சம் பின்னால விடு" என்றார். இரண்டாம் தரமும் பார்த்துவிட்டு, "84 இல் எனக்கு இப்படித்தான் கேட்டது" என்றார். அங்கேயே பிறந்து வளர்ந்த மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். மருமகளுக்கு அவன்தான் அதை மொழிபெயர்த்துச் சொன்னான்.

இந்த வகைப் படங்களில் நான் முதலில் பார்ப்பது, சிரிப்பு எந்த வீட்டின் மேல் விழுகிறது என்பதைத்தான். 2014 இல் ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது. நான்கு பெண்களைப் பெற்ற கத்தோலிக்கத் தம்பதிக்கு முஸ்லிம், யூதர், சீனர், ஐவரி கோஸ்ட்காரர் என்று நான்கு மருமகன்கள். மருமகன்மார் வெறும் அச்சுப் பொம்மைகளாக நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஐவரி கோஸ்ட் சம்பந்தியும் பிரெஞ்சு அப்பா அளவுக்கே பிடிவாதக்காரர், அது நல்ல இடம். 1999 இல் வந்த 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' இன்னும் நேர்மையானது. 1971 இல் இங்கிலாந்தின் சால்ஃபர்டில் மீன் பொரியல் கடை வைத்திருக்கும் பாகிஸ்தான்காரராக ஓம் பூரி, மனைவி ஆங்கிலேயப் பெண். நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அப்பா கையை ஓங்குகிறார். அதோடு சிரிப்பு அடங்கிவிடும். அப்படி அடங்கத்தான் வேண்டும்.

சரி, 'அல்மான்யா'வுக்கே வருகிறேன். அதில் தாய் ஜேர்மன், தந்தை துருக்கியர் என்றிருக்கும் சின்னப் பையன் செங்க், "நாங்கள் துருக்கியரா, ஜேர்மானியரா?" என்று கேட்கிறான். எங்கள் பேத்தி அந்த இடத்தில் சித்தப்பாவின் மடியில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை அவளைக் காலி வீதிக் கடைக்குக் கூட்டிப்போனேன். முதலாளி அன்பாகக் குனிந்து, "பிள்ளைக்கு என்ன வேணும்?" என்றார். அவள் என் கையை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவிடம் ஜேர்மனில் ஏதோ படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"அந்த அங்கிள் படத்தில் வந்த மொழி பேசுகிறாராம்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துத் திரும்பவும் கடைக்கு நடந்தார்.