பெஞ்சுக்கு முகம் உண்டு, பார்வர்டுக்கு?

நடுவர் அவர்களுக்கும் கைதட்டக் காத்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். தலைப்பு தெரியும்: மக்களின் அரசியல் கருத்தை ஒழுங்காக வளர்த்தது டீக்கடை பெஞ்சா, கைப்பேசியா? நான் பெஞ்சுக் கட்சி.

எதிரணி அக்கா உட்காரப் போகும்போது ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். "1984இல் எம்.ஜி.ஆர். உயிரோடு இல்லை என்று கிளப்பிவிட்டதே உங்கள் பெஞ்சுதானே?" நீங்களும் தட்டினீர்கள். நன்றாகவே தட்டினீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நகர மாட்டேன்.

கிளப்பியது உண்மைதான் அக்கா. ஆனால் கிளப்பியவர் யார் என்று அந்தத் தெருவுக்கே தெரியும்! மறுநாள் காலையில் அவர் அதே கடைக்குத்தான் டீ குடிக்க வந்தாக வேண்டும். பழைய பாக்கி வேறு இருக்கும். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். இருக்கும் வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்களே, அன்றைக்கு மாஸ்டர் சும்மா விட்டிருப்பாரா? "என்னண்ணே, செத்தவர் எழுந்து உட்கார்ந்திருக்காரு?" பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிப்பட்டியில் அவர் ஜெயித்தார். நம்ம ஆள் ஒரு வாரம் கடைப்பக்கம் தலை காட்டியிருக்க மாட்டார். கைப்பேசியில் புளுகியவர் எந்தக் கடைக்குப் போகாமல் ஒளிவார்?

எங்கள் பெரியப்பா கதையைக் கேளுங்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு செய்தி சுற்றியதே? 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018 ஜனவரியில் அறிவித்தது. கண்டக்டர் நம்பவில்லை, மளிகைக்காரர் நம்பவில்லை, பெரியப்பா மட்டும் நம்பிவிடுவாரா? குடும்பக் குரூப்பில் போட்டார். சம்பந்தி வீட்டு குரூப்பில் போட்டார். வாக்கிங் குரூப்பில் போட்டார். கோயில் திருப்பணி குரூப்பையும் விடவில்லை!

"பொய் பெரியப்பா" என்றேன். "இருடா, விசாரிப்போம்" என்றார். சாயங்காலம் கூப்பிட்டார். "உறுதியாயிடுச்சு! சம்பந்தியும் அதையேதான் அனுப்பியிருக்காரு. கோயம்புத்தூர்லேர்ந்து மச்சானும் அனுப்பியிருக்கான்." வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் 'அனைவருக்கும் பகிறவும்.' வல்லின 'ற'! காலையில் பெரியப்பா தன் கையால் சேர்த்த வரி. அவர் அனுப்பியது ஊரைச் சுற்றிவிட்டு அவருக்கே சாட்சி சொல்ல வந்திருக்கிறது!

அப்புறம்? உண்டியலை உடைத்து, நாணயங்களை மஞ்சள்பையில் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். "கொடுங்கய்யா, சில்லறைக்கு நாய் படாத பாடு படுறேன்" என்று மாஸ்டர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நோட்டாகக் கொடுத்தார். மறுநாள் பெரியப்பா டீ குடித்துவிட்டு ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினார். மீதி என்ன வந்தது? அதே நாணயம்! பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு ரிசர்வ் வங்கி மேல் நம்பிக்கையே வந்தது!

காசுக்கே இப்படியென்றால் ஓட்டுக்கு? வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே மைக்குக்கும் மேடைக்கும் பூட்டு. அந்த ராத்திரிகளில் பெரியப்பாவின் குரூப்பை யார் பூட்டுவது?

சரி, சிரித்தது போதும். அதே 2018, மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். குலதெய்வம் கும்பிட ஒரு குடும்பம் காரில் வருகிறது. வழி கேட்க நிறுத்துகிறார்கள். 65 வயது அம்மா, அங்கே நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுக்கிறார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி அதற்கு முன்பே எல்லார் கைப்பேசிக்கும் வந்திருந்தது. அடித்தே கொன்றுவிட்டார்கள். வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்துக்கு மேற்பட்ட ஆட்களுக்கோ குரூப்புகளுக்கோ பார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் இந்தியாவுக்குக் கட்டுப்பாடு அறிவித்ததே அதற்குப் பிறகு, ஜூலையில்தான். எந்த வீட்டுப் பாட்டியின் பையில் மிட்டாய் இல்லை, சொல்லுங்கள்? "யாரும்மா நீங்க, எந்த ஊரு?" என்று கேட்க ஒரே ஒரு வாய் கிடைக்கவில்லையே ஐயா!

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடித்துக்கொள்கிறேன். அக்கா மறுபடி எழுந்தால், அந்தச் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று மட்டும் சொல்லட்டும். சொல்லிவிட்டால் தீர்ப்பை அவர் பக்கமே கொடுத்துவிடுங்கள்.