பின்னி சாலைச் சாப்பாட்டுக்கூடம்

நேயர்களுக்கு வணக்கம். பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்புப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு வணக்கம். இன்று கன்னிமரா ஓட்டலின் சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அண்ணா சாலைப் பக்கத்து ஓட்டலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது.

அந்த ஓட்டல் இருப்பது பின்னி சாலையில். ஜான் பின்னி என்ற வணிகரின் தோட்டவீடு அங்கேதான் இருந்தது. அந்தப் பின்னியின் பெயர் தாங்கிய கம்பெனிதான் பிற்பாடு நம் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்னாடிக் என்று இரண்டு மில்களை நடத்தியது. கன்னிமராவுக்கு 1854-இல் ரத்தினவேலு முதலியாரின் இம்பீரியல் ஓட்டல் என்று பெயர், அப்புறம் ஆல்பனி, 1890-இல் கவர்னர் கன்னிமரா பிரபுவின் பெயர், மறுவருஷமே ஸ்பென்சர் கம்பெனியின் ஓக்‌ஷாட் கைக்குப் போனது. இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும்.

என் அப்பா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1996-இல் மில்லை மூடிச் சில வருஷம் கழித்து அவரைக் கன்னிமராவுக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் மெனு கார்டைத் தொடவில்லை. கைத்துண்டை விரித்து, திருப்பி, கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். "நல்ல நெருக்கமான நெசவுடா" என்றார். சாப்பாடு வந்தது. நான் இரண்டு வாய் எடுப்பதற்குள் அவர் தட்டு காலி. பரிமாறிய தம்பி குனிந்து, "மெதுவா சாப்பிடுங்கய்யா, நேரம் இருக்கு" என்றான். அப்பா என்னைப் பார்த்து, "மில் சங்கு ஊதிடுமோன்னு கை தானா ஓடுதுப்பா" என்றார்.

மில் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதே, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சங்கம், அப்போது தொழிலாளிகள் சொன்ன குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. ஆமாம், சாப்பிட நேரம் வேண்டும் என்று கேட்டார்கள். அதே காலத்தில், அதே பெயர் கொண்ட சாலையில், சூப்பில் தொடங்கி நிதானமாக விருந்து நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கூடத்தின் விளக்கையும் வெள்ளிக் கரண்டியையும் பற்றிப் பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது, சாப்பிடுகிறவரை யாரும் அவசரப்படுத்தாததுதான். மறுபடியும் சொல்கிறேன், அவசரப்படுத்தாததுதான். அன்று அப்பா பாயசத்தை அரைமணி நேரம் சாப்பிட்டார்.

1937-இல் எழுந்த வெள்ளைக் கட்டடம், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் நீச்சல் குளத்தை ஒட்டிக் கட்டிய பகுதி, செட்டிநாட்டுச் சாப்பாடு போடும் ரெயின்ட்ரீ உணவகம், எல்லாம் சொல்ல நினைத்தேன். நேரம் ஆயிற்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: வாசலில் தயங்கி நிற்காதீர்கள். ஒரு காபி குடிக்கவாவது அப்பா அம்மாவைக் கூட்டிப்போங்கள். நன்றி, வணக்கம்.