57 வயதில் விலகிய திரை

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கே இல்லாமல் பாடுகிற ஒரு கலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓபரா என்றாலே கண்ணாடி உடைய வீறிடுகிற ஓர் அம்மாள்தான் பலருக்கு நினைவு வரும். அது கேலிச்சித்திரம். கதை முழுக்கப் பாட்டாகவே நடக்கிற நாடகம் அது. கீழே அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்க, அவற்றைத் தாண்டிக் கடைசி வரிசை ஆளுக்கும் தன் தொண்டையை மட்டும் நம்பிச் சேதி சொல்ல வேண்டும். பெண் குரல்களில் மிகத் தாழ்ந்ததை அவர்கள் கான்ட்ரால்டோ என்பார்கள். அசல் கான்ட்ரால்டோ அபூர்வம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுடையது அப்படிப்பட்ட சாரீரம்.

1897இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அப்பா ஐஸும் நிலக்கரியும் விற்றவர். மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா முன்பு வர்ஜீனியாவில் ஆசிரியை. பிலடெல்பியாவில் அந்த வேலை கிடைக்கவில்லை. துணி வெளுத்தும் தரை துடைத்தும் மூன்று பெண்களை வளர்த்தார். ஆறு வயதிலேயே மரியன் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார். அங்கே சோப்ரானோ, அதாவது உச்சக் குரல் பெண், வரவில்லையா, மரியன் பாடுவார். டெனர், அதாவது மேல் குரல் ஆண், வரவில்லையா, அதையும் பாடுவார். கட்டைக் குரல் ஆண் வராவிட்டால் அந்தப் பகுதியை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடிவிடுவார். எல்லோருடைய பாட்டும் அவருக்கு மனப்பாடம்.

ஊரிலிருந்த ஒரு இசைப்பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கப் போய் வரிசையில் நின்றார். பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, கவுண்டரில் இருந்த பெண் ‘கறுப்பர்களை நாங்கள் எடுப்பதில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். தேவாலயத்து மக்கள் காசு திரட்டினார்கள். ஜூசெப்பே போகெட்டி என்ற ஆசிரியர், நேரமும் இல்லை இடமும் இல்லை என்று சலித்துக்கொண்டேதான் கேட்க உட்கார்ந்தார். ‘டீப் ரிவர்’ என்ற ஆன்மிகப் பாடலை மரியன் பாடி முடித்தார். ‘உனக்கு இடம் செய்து தருகிறேன்’ என்றார் அவர்.

1924இல் நியூயார்க்கில் டவுன் ஹாலில் ஒரு கச்சேரி. அரங்கில் பாதி காலி, விமர்சனமும் சுமார். மனம் விட்டுப்போய்க் கொஞ்ச காலம் பாட்டையே ஒதுக்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஏறக்குறைய 300 பேர் போட்டியிட்ட தேர்வில் வென்று நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு பாடினார். அப்படியும் உள்நாட்டில் பெரிய கதவுகள் எதுவும் திறக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போனார். பின்லாந்தில் இசையமைப்பாளர் சிபேலியஸ், தன் வீட்டுக் கூரை இவர் குரலுக்குத் தாழ்வு என்றார். 1935இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் கேட்ட வாத்தியக் குழு நடத்துநர் டோஸ்கனினி, நூறாண்டுக்கு ஒருமுறைதான் இப்படியொரு குரல் கேட்கக் கிடைக்கும் என்றார். இந்த இரண்டும் எல்லோரும் சொல்கிற கதைகள். எனக்கு உறுத்துவது மூன்றாவது. மாஸ்கோவில் நாடக மேதை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, ‘கார்மென்’ ஓபராவின் நாயகி பாத்திரத்தைத் தன்னிடம் படிக்கும்படி மரியனை அழைத்தார். இவரோ, அதற்கென்ன, பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். 1938இல் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி இறந்துபோனார்.

சரி, 1939க்கு வருவோம். வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹால் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ என்ற அமைப்புக்குச் சொந்தம். வெள்ளைக் கலைஞர்கள் மட்டுமே பாடலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். மரியனுக்கு மறுத்தார்கள். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பிலிருந்தே விலகிவிட்டார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. லிங்கன் நினைவகப் படிகளில், குளிர்காற்றில், ரோமக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார் மரியன். எதிரே 75,000 பேர். முகத்துக்கு முன்னால் வரிசையாக மைக்குகள். மைக் வேண்டாத குரலை நாடு முழுவதும் வானொலியில் கேட்டது.

முதலில் ஒரு தேசபக்திப் பாடல். அதில் ‘உன்னை நான் பாடுகிறேன்’ என்று பொருள்படும் வரி உண்டு. மரியன் அதை மாற்றி, ‘நான்’ இருந்த இடத்தில் பன்மை வைத்துப் பாடினார். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் பெயர்த்தால் ‘நாங்கள்’ என்பதா ‘நாம்’ என்பதா என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பாடியது. நான் ‘நாம்’ என்றே போடுவேன்.

இவ்வளவு புகழுக்குப் பிறகும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா, சுருக்கமாக ‘மெட்’, அழைக்கவில்லை. 1883இல் திறந்த அரங்கம் அது. கடைசியில் நிர்வாகி ருடால்ஃப் பிங் கேட்டு, 1955 ஜனவரி 7 அன்று மரியன் அந்த மேடையேறினார். அங்கே பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஓபராவில் உல்ரிகா, குறி சொல்கிற பெண். சின்ன வேடம், ஒரே காட்சி. கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டு பாடிப் பழகியவர், இங்கே குறிக்காரியாக நடிக்க வேண்டும். திரை விலகியதும், வாய் திறக்கும் முன்பே கைதட்டல். ஓய்வதாக இல்லை. உடம்பெல்லாம் முடிச்சுப்போட்டதுபோல் இறுகிப் போனதாகப் பின்னாளில் எழுதினார். அன்றைய பாட்டு அவருக்கே திருப்தி இல்லை. ஆகவும் செய்யாது. அப்போது அவருக்கு 57 வயது. தாழ்ந்த குரல் தன் முழு பலத்தோடு இருந்த வருடங்கள் அரங்கத்துக்கு வெளியிலேயே கழிந்துவிட்டன. அந்த மாலையைச் சரித்திரச் சாதனை என்று கொண்டாடிவிட்டுப் போகிறவர்களோடு எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அது ஒரு பாக்கி, அதுவும் அரைகுறையாகத் தீர்த்த பாக்கி. ஆனால் அதே மாதத்தில் இன்னொரு கறுப்பினப் பாடகர் ராபர்ட் மெக்ஃபெரின் அங்கே பாடினார். 1961இல் கறுப்பினப் பாடகி லியோன்டின் பிரைஸ் வந்தார். அவர்கள் சரியான வயதில் வந்தார்கள்.

1957இல் அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக ஆசியாவில் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்து பாடினார். 1964இல் விடைபெறும் சுற்றுப்பயணத்தை அவர் தொடங்கியது, தனக்கு மறுக்கப்பட்ட அதே கான்ஸ்டிடியூஷன் ஹாலில். 1993இல் காலமானார்.

உங்கள் வாழ்க்கையில் மிகப் பெரிய நாள் எது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். லிங்கன் நினைவகம் என்றோ மெட் என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ‘இனி நீ வேலைக்குப் போக வேண்டாம்’ என்று அம்மாவிடம் சொன்ன நாள் என்பார்.

அப்புறம், அந்த ‘டீப் ரிவர்’ பதிவு கொண்டுவந்திருக்கிறேன். பழைய பதிவு, கொஞ்சம் கரகரக்கும். தம்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். நான் இந்த மைக்கை அணைத்துவிடுகிறேன்.