தவளைகள் மேல் சிந்திய திராட்சை ரசம்

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். குழந்தை வரைந்த படம் அதற்கப்புறம் எங்கே போகிறது? இந்தக் கேள்வி என்னை விட்டதே இல்லை. ஒரு வாரம் சுவரில் தொங்கும். ஆண்டு விழாவில் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். பிறகு பீரோவுக்கு மேலே கட்டாகக் கிடக்கும். அந்தக் கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

லண்டனில், என் மகள் இருக்கும் ஹெண்டன் பகுதியில், இதற்கு ஒரு பதில் கிடைத்தது. யூதர்கள் நிறையப் பேர் வாழும் இடம் அது. பக்கத்து வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் யூதச் சமயப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர். அந்தப் பள்ளியை ‘ஹேடர்’ என்பார்கள். எபிரேயத்தில் ‘அறை’ என்று பொருள். அந்தக் காலத்தில் வாத்தியார் வீட்டு அறையிலேயே வகுப்பு நடந்ததால் வந்த பெயர்.

நான் போயிருந்தது சுக்கோத் சமயம். தமிழ் வேதாகமத்தில் கூடாரப்பண்டிகை என்று வருகிறதே, அதுதான். வீட்டுத் தோட்டத்தில் பந்தல் போட்டு ஒரு வாரம் அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூரைக்கு வெட்டிய கிளைகளையும் தழைகளையும்தான் போட வேண்டும். இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. அப்படியென்றால் மழையும் உள்ளே வரும், இல்லையா? பந்தலுக்குள் பிள்ளைகள் ஒட்டிய வண்ணக் காகிதச் சங்கிலிகள், வரைந்த படங்கள். கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை என்று யூத வேதத்தில் சொல்லும் ஏழு விளைச்சல்களும் இருந்தன. ஒரு மாதுளம்பழத்தின் சிவப்பு நனைந்து கீழே இருந்த கோதுமைக் கதிர்மேல் வழிந்திருந்தது. எனக்குப் பதறிவிட்டது. “இவ்வளவு அழகாக வரைந்ததை மழையில் தொங்கவிடலாமா?” என்று கேட்டேன். “பந்தலுக்கென்று வரைந்தது, பந்தலில்தானே இருக்க வேண்டும்?” என்றார் அந்த அம்மா.

அந்தப் படத்துக்குப் பண்டிகையில் ஒரு வேலை இருந்தது, நேயர்களே. இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓய்வுநாளிலும் பெருநாள்களிலும் எழுதுவது, வரைவது, வெட்டுவது, ஒட்டுவது எதுவும் அவர்களுக்குக் கூடாது. முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதனால் வகுப்பில் ஒரு பரபரப்பு. பசை காயவில்லையே என்று ஒரு குழந்தை ஊதிக்கொண்டே இருக்கும்.

ஹனுக்கா எட்டு நாள் விளக்குப் பண்டிகை. பாட்டில் மூடி, களிமண், போல்ட்டுக்குப் போடும் நட்டு என எது கிடைத்தாலும் பிள்ளைகள் விளக்குத் தண்டு செய்துவிடுவார்கள். உருவம் அவர்கள் இஷ்டம். ஆனால் எட்டுச் சுடரும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்பதாவது ‘ஷமாஷ்’, அதாவது பணியாள். மற்றவற்றை ஏற்றுகிற சுடர் என்பதால் அது தனியாகத் தெரிய வேண்டும். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று ஏறி, ஷமாஷையும் சேர்த்தால் மொத்தம் 44 மெழுகுவத்தி. மூடிகளை வரிசையாக ஒட்டும்போதே அந்தச் சட்டம் குழந்தையின் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

பஸ்காவுக்கு வருகிறேன். அன்றிரவு குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் படிக்கும். அந்தப் புத்தகத்துக்கு ‘ஹகதா’ என்று பெயர். “இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?” என்று கேட்பது வழக்கமாக வீட்டின் கடைக்குட்டி. பள்ளியில் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு ஹகதா வரைந்து தைத்துக் கொண்டுவருவார்கள். அந்த அம்மா ஒன்றைக் காட்டினார். பஸ்காவுக்கென்றே தனியாக எடுத்துவைக்கும் பாத்திரங்களோடு பெட்டியில் பத்திரமாக இருந்தது. மகன் ஏழு வயதில் வரைந்தது. இப்போது அவனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது! எகிப்தின்மேல் கடவுள் அனுப்பியதாகச் சொல்லும் பத்து வாதைகள், அதாவது துன்பங்கள், வரும் பக்கத்தைப் பிரித்தேன். பச்சைத் தவளைகள், ஒன்றுக்கு மட்டும் ஐந்து கால். அவற்றின்மேல் பழுப்பாகக் காய்ந்த சொட்டுகள். ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் கிண்ணத்தில் விரலைத் தொட்டு ஒரு சொட்டுத் திராட்சை ரசத்தைத் தட்டில் விடுவார்களாம். எகிப்தியரும் துன்பப்பட்டார்களே, நம் கிண்ணம் அந்த அளவுக்குக் குறையட்டும் என்று விளக்கம் சொல்வார்கள். தட்டுக்குப் போக வேண்டிய சொட்டுகள்தான் தவளைமேல் விழுந்திருந்தன. எத்தனை வருடத்துச் சொட்டுகளோ! அந்தப் பக்கத்தைவிட்டு எனக்குக் கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

பிள்ளைகளின் கைவேலை பத்திரமாகக் கிடந்த இன்னோர் இடமும் உண்டு. பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்ற யூத ஜெப ஆலயத்தில் ஒரு சேமிப்பு அறை இருந்தது. கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்று அங்கே போட்டுவைத்தார்கள். சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1897-இல் அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு லட்சம் ஏட்டுத் துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் குழந்தைகளின் அரிச்சுவடிகளும் உண்டு. பெரிய எபிரேய எழுத்துக்குக் கோடு போட்டுக் கொடுக்க, உள்ளே குழந்தை வண்ணம் தீட்டிய பக்கங்கள். ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முந்தையவை! திருமண ஒப்பந்தம், வணிகர் கடிதம், பிரார்த்தனை ஏடுகளோடு அந்தப் பிள்ளை கைவேலையும் கிடந்திருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பூரிம் பண்டிகை முகமூடிகளைப் பற்றிப் பேச முடியவில்லை. சிம்ஹாத் தோரா என்ற பண்டிகையின் கொடியை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுக்கோத் முடிந்ததும் தோரா எனும் வேதச் சுருள்களை ஏந்திக்கொண்டு பெரியவர்கள் ஜெப ஆலயத்துக்குள் ஏழு சுற்று ஆடிப்பாடி வருவார்கள். பின்னாலேயே பிள்ளைகள் காகிதக் கொடியோடு. கிழக்கு ஐரோப்பாவில் அந்தக் கொடிக்குச்சியின் நுனியில் ஓர் ஆப்பிளைக் குத்தி, அதைக் குடைந்து, உள்ளே மெழுகுவத்தியும் ஏற்றிவிடுவார்கள். காகிதத்துக்கு மேலே தீ! எப்படித்தான் நடந்தார்களோ அந்தப் பிள்ளைகள். வணக்கம்.