இடிக்காதே என்று சொல்வதற்கு முன் முட்டு

வணக்கம் நேயர்களே.

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் கல்வே கல்லூரி 1877இல் தொடங்கியது. பெயரில்தான் கல்லூரி, நடப்பது பள்ளி. பாரதிதாசன் தமிழ் படித்த இடம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களில் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்றதும் முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் திரண்டு மனு கொடுக்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மனுவின் முதல் வரி, ‘இந்த வாரமே முட்டுக் கொடுங்கள், கூரையில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள்’ என்று இருக்க வேண்டும். வெறும் தடை உத்தரவு வாங்கிவைத்தால் மீதியை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். பராமரிப்பில்லாமல் கிடந்த நம் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் விழுந்ததை மறந்துவிட முடியாது.

பெற்றோரின் பயமும் நியாயமானது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஆபத்தே இல்லை என்று வாதாடும் எதிர்ப்பு நிற்காது. எந்த அறையில் ஆபத்து, எதனால் என்று கேட்பதுதான் நிற்கும்.

இந்தக் கூரைகள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல், ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களை நிறுத்தி வைத்துக் குறுக்குச் சாய்வாகக் கட்டி, அதன் மேல் ஏறக்குறைய 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு. இந்தத் தளம் தானாகக் கெடுவதில்லை. நாம்தான் கெடுக்கிறோம். ஒழுகும்போதெல்லாம் சிமெண்டுக் கலவையைப் பூசுகிறார்கள். 2 அங்குலக் கூடுதல் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. 6 மீட்டருக்கு 8 மீட்டர் வகுப்பறையில் உத்திரங்களின் மேல் ஐந்து டன் ஏறிவிடுகிறது. சிமெண்டு வெடித்த இடத்தில் இறங்கும் நீர் திரும்ப ஆவியாக வழியில்லாமல், சுவருக்குள் செருகிய உத்திர முனைகளில் தேங்குகிறது. அழுகுவது அந்த முனைதான். நடுமரம் உறுதியாகவே இருக்கும்.

அதனால் சோதனையும் முனையில் நடக்க வேண்டும். சுவரை ஒட்டிய பூச்சைக் கொத்தி எடுத்து, மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற ஓசை வந்தால், கூர்முனை இரும்பு அரை அங்குலம் உள்ளே போனால், அந்த முனை போய்விட்டது. முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை அறுத்து, புது தேக்குத் துண்டை இணைத்து, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடலாம். விரிசலின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை வைத்துத் தேதி எழுதுங்கள். பட்டை பிளந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பிளக்காவிட்டால் அது பழைய விரிசல்.

கான்கிரீட்டைச் சோதிக்கும் சுத்தியல் கருவியால் சுண்ணாம்புச் சுவரைத் தட்டிவிட்டு ‘வலுவில்லை’ என்று எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள். அந்தக் கருவி இந்தச் சுவருக்கானது அல்ல.

முட்டு என்றால் சவுக்குக் கம்பு போதும், ஆனால் மேலும் கீழும் பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுமை ஒரே புள்ளியில் இறங்கித் தரை குழிந்துவிடும். மாடியில் முட்டுக் கொடுத்தால் அதே நேர்கோட்டில் கீழ்த்தளத்திலும் கொடுங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் உத்திரம் தூக்கி, மேலிருக்கும் செங்கல் கட்டு உடையும். பழுது பார்த்து முடியும்வரை அந்த அறையில் பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். யார் ஆய்வு செய்தார், எந்தத் தேதியில், எந்த அறையில் என்ன சோதனை, பழுதுபார்க்க எவ்வளவு, புதிதாகக் கட்ட எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும். அதற்குள் இயந்திரம் வந்து நிற்கலாம், ஆகவே மனுவும் அதே நாளில் போகட்டும்.

சுண்ணாம்புத் தளம் இறுக மழையில்லாத மாதங்கள் வேண்டும். தை பிறந்ததும் வேலை தொடங்க வேண்டுமென்றால், மதிப்பீடும் டெண்டரும் மார்கழிக்குள் முடிந்திருக்க வேண்டும். அந்தத் தேதியை அதிகாரிகளிடம் எழுத்தில் வாங்குங்கள்.