கொடியை எண்ணிப் பார், தாயி

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். பச்சிளம் குழந்தையின் தாய்க்குத் தெம்பு தருவது நன்றி உணர்வா, உறவுகளின் உதவியா என்பது தலைப்பு. நன்றி உணர்வே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி பெரிய கைதட்டல் வாங்கிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். என்ன கேட்டார்? "இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிட்டு அழும்போது, நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தால் பால் சுரந்துவிடுமா?" என்றார். தம்பி, அந்த இரண்டு மணிக்கு நீங்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தீர்களா, போர்வைக்குள் இருந்தீர்களா?

கேட்டுவிட்டீர்கள், கேளுங்கள் பதிலை. பிள்ளை பால் குடிக்கும்போது தாயின் உடலில் இரண்டு ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. பாலை உண்டாக்குவது புரோலாக்டின். உண்டான பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின். இந்த இரண்டாவது ஹார்மோன் இருக்கிறதே, தாய் பதறினால், கவலைப்பட்டால், வலியில் துடித்தால் தயங்கி நின்றுவிடும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனம் குளிர்ந்தால், அது சிணுங்கும் குரல் காதில் விழுந்தால்கூடப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். இரவு இரண்டு மணி என்றீர்களே, புரோலாக்டின் அதிகமாகச் சுரப்பதே இரவில்தான், ஐயா!

பிள்ளையைச் சரியாக மார்பில் பிடிக்கவைக்க வேண்டும், அடிக்கடி கொடுக்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் தாண்டியும் மனம் இருண்டே கிடந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அந்தப் பெண்ணிடம் போய் யாரும் நன்றி உணர்வைப் பாடம் நடத்த வேண்டாம்.

இப்போது உறவுகளின் உதவிக்கு வருகிறேன். என் அக்காவுக்குத் தலைப்பிரசவம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே எதிர்வீட்டு அத்தை வந்தார். "பால் போதுகிறதா?" அடுத்து சித்தி வந்தார். "பிள்ளை இளைத்திருக்கிறதே, பால் போதுகிறதா?" பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைந்து பிறகு ஏறுவது இயல்பு, சித்திக்கு அதை யார் சொல்வது? மூன்றாவதாக வந்தவர் சுறாப்புட்டோடு வந்தார். புட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார், "பால் போதுகிறதா?" உதவி, தம்பி, உறவுகளின் உதவி! சாயங்காலத்துக்குள் அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். "எனக்குப் பாலே இல்லை, புட்டிப்பால் வாங்கி வாருங்கள்" என்றாள்.

ஆச்சி எதுவும் பேசவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். "கொடியை எண்ணிப் பார், தாயி" என்றார். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சின்னச் சின்னத் துணிகள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எண்ணினாள். ஒன்பது! "குடிக்காத பிள்ளை ஒன்பது துணியை நனைக்குமா?" என்று கேட்டார் ஆச்சி. முதல் வாரம் முடிவதற்குள் பிள்ளை ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆச்சிக்கு அதைக் கொடி சொல்லிவிட்டது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அந்தத் துணிகளை அலசியது என் அப்பா. தினமும் சாயங்காலம் வாளியோடு வந்து, வாசலில் நின்று அறிவிப்பார்: "இன்றைக்குப் பத்து!" மறுநாள், "பதினொன்று!" எதிர்வீட்டு அத்தை மறுபடியும் வந்து, "பால் போ..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "வாருங்கள் அக்கா, கொல்லைக்கு வாருங்கள்" என்று அழைத்துப்போய்க் கொடியைக் காட்டிவிட்டார்!

அக்கா அழுவதற்கு முந்தின நாளும் அப்பா அலசிக் காயப்போட்டவர்தான். உதவி கண்முன்னே தொங்கிக்கொண்டிருந்தது; அக்கா அதைப் பார்க்கவில்லை. பிள்ளை நனைத்த துணிக்கு நன்றி சொல்லத் தெரிந்த பிறகுதான், அதை அலசிய கையும் அவள் கண்ணில் பட்டது.

வாதத்தை விடுங்கள் ஐயா, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. ஒரு தாய் தன் பிள்ளைக்குப் போக மிஞ்சிய பாலைக் கொடுக்கிறாள். அதை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிப் பதப்படுத்தி, குறைமாதத்தில் பிறந்த இன்னொரு பிள்ளைக்குக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார்கள். தனக்கு இன்னும் பால் ஊறாத தாய் அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். கொடுத்தவள் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று அவளுக்குத் தெரியாது. கைகூப்பி யாரிடம் போய் நிற்பாள்?

இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளே, நாற்று நட்ட ஈரக் கையோடு வரப்பில் உட்கார்ந்து பால் கொடுத்தவர்கள் நீங்கள். ஒரு பிள்ளையாவது உங்களிடம் வந்து நன்றி சொல்லியிருக்குமா? மணி அடித்துவிட்டார்கள், அடிக்கட்டும். அந்தப் பிள்ளைகள் எல்லோருக்காகவும் நான் சொல்லிவிட்டே இறங்குகிறேன். நன்றி, அம்மா. நன்றி.