கூத்துக்கு ஜாமீன் யார்?

கோடைப் பண்பலை நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊர் ஊராகப் போய்ப் பேசியும் பாடியும் நடித்தும் பிழைத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். கலைஞர்களின் பெருமையைப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் காசு கொடுத்தவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேடையேறும் ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக நடிகருக்கு, விடிந்ததும் சம்பளத்தை எண்ணிக் கொடுக்க யாராவது இருக்க வேண்டும் அல்லவா? அவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கலை எத்தனை வருஷம் ஊர் சுற்றும் என்பதே இருக்கிறது.

முதலில் ஒரு நடை அமெரிக்கா போய் வருவோம். அங்கே 1826-இலேயே ஜோசையா ஹோல்புரூக் என்பவர் சிற்றூர் மக்களுக்குச் சொற்பொழிவு நடத்தும் லைசியம் சங்கங்களைத் தொடங்கிவிட்டார். 1874-இல் நியூயார்க் மாநிலத்தில், ஷடாக்வா என்ற ஏரிக்கரையில், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக்கால வகுப்பு ஒன்று ஆரம்பமானது. அதில் சங்கீதமும் சொற்பொழிவும் சேர்ந்துகொண்டன. 1904-இல் கீத் வாட்டர் என்பவர் இந்த ஏற்பாட்டைக் கூடாரத்தில் கட்டி ஊர் ஊராக எடுத்துக்கொண்டு கிளம்பினார். சர்க்கஸ் கூடாரம் வெள்ளை என்பதால் இவர்கள் கூடாரத்துக்குப் பழுப்பு நிறம். கௌரவப் பிரச்சினை! இன்று இந்த ஊரில் பேசியவர் நாளை அடுத்த ஊரில் பேசுவார். அவர் இடத்துக்கு இங்கே பாண்டு வாத்தியக் குழு வந்து இறங்கும். ரஸ்ஸல் கான்வெல் என்ற பாதிரியார் ஒரே உரையை 6,000 தடவைக்கு மேல் பேசியிருக்கிறார். நம் ஊர் பட்டிமன்றப் பேச்சாளர்களைக் கேலி செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த வியாபாரத்தின் சூட்சுமம் கூடாரத்தில் இல்லை, பத்திரத்தில் இருந்தது. கடைக்காரர், வைத்தியர், பாதிரியார் என்று ஊரில் நாலு பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்: இத்தனை டிக்கெட் விற்காவிட்டால் மீதியை எங்கள் கையிலிருந்து கட்டுகிறோம் என்று. அடுத்த வருஷப் பத்திரத்திலும் இந்த வருஷக் கூட்டம் களைகட்டியிருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 1924-இல் உச்சத்துக்குப் போன அந்த இயக்கம் 1930-களின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய படுத்துவிட்டது. சினிமா வந்தது, கார் வந்தது, வானொலியும் வந்தது. வானொலி மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இவற்றோடு, கைக்காசை இழந்து இழந்து ஜாமீன்தாரர்களும் சலித்துப்போனார்கள். பிறகு பொருளாதார மந்தம் வேறு. கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை.

இனி நம் பக்கம். அமெரிக்கக் கூடாரம் கிளம்பிய அடுத்த வருஷம், 1905-இல், திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். ஷடாக்வாவைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பெயரும் வின்சென்ட்தான். நம் வின்சென்ட்டுக்கு ஜாமீன்தாரர் கிடையாது. லாபமோ நஷ்டமோ அவர் பாடு. ஊர் சுற்றிச் சம்பாதித்தவர் 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டி ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாடகக் கம்பெனிகள் வேறு வகை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை போன்றவற்றில் பையன்கள், வாத்தியார், சமையல்காரர், திரை, சீன் சாமான் எல்லாம் ஒரே குடும்பமாக நகரும். ஓர் ஊரில் கொட்டகை போட்டு நாள்கணக்கில் தங்கி, டிக்கெட் போட்டு ஆடினால்தான் சோறு. இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு, கொடைக்கானல் இருக்கும் எங்கள் பழனி மலைத்தொடருக்கு எப்படி வருவது? கொடைக்கானலுக்கு வண்டிப்பாதை முடிந்ததே 1916 வாக்கில்தான். அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரை, டோலி, தலைச்சுமை. அந்தப் பாதை வந்த பிறகும் பூம்பாறை, தாண்டிக்குடி போன்ற மலைக் கிராமங்களுக்கு கம்பெனியைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது.

எங்கள் மலைக்குத் தோதாக வந்தது ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து ஒரு பஸ்ஸில் வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, கோமாளியான பபூனும் ஆர்மோனியக்காரரும் திண்டுக்கல்லிலிருந்து. ஒத்திகை இல்லை. நாடகம் வள்ளி திருமணமா, பவளக்கொடியா என்று தெரிந்தால் போதும். பாட்டும் தர்க்கமும் அவரவர் கைவசம் இருக்கும். தேதியை டைரியில் எழுதி அட்வான்ஸ் வாங்கினால் வந்துவிடுவார்கள்.

இங்கே ஜாமீன் யார்? சாமிதான்! திருவிழாவுக்கு முன்னால் கமிட்டி கூடி தலைக்கட்டு வரி போடும். வீட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலாகிவிடும். டிக்கெட் கிடையாது, விற்காத டிக்கெட்டுக்கு யாரும் கைக்காசு கட்ட வேண்டியதும் இல்லை. பூண்டு விலை இறங்கின வருஷம் நாடகத்துக்குத் தர முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். சாமிக்குத் தர முடியாது என்று சொல்ல நாக்கு வருமா? பழுப்புக் கூடாரம் முப்பது வருஷத்தில் சுருண்டதும், வள்ளி திருமணம் இன்றும் நடப்பதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான் என்பது என் கட்சி.

எங்கள் ஊர்க் கமிட்டியில் நானும் இருந்திருக்கிறேன். நாடகத்தன்று சாயங்காலம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பிடுங்கிப் போட்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே இறங்கும் டான்ஸ்காரப் பெண்ணிடம் முதலில் சுடுதண்ணீர் கொடுக்க வேண்டும். அப்புறம் அரிதாரம். குழைப்பதற்கான தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். டீ அடுப்பு ஓரத்தில் வைத்து உருக்குவோம். பனியில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும். மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டி ஏற்றுவார். அரை மணியில் மறுபடி இறங்கும். "அண்ணே, உங்க ஊர்ல சாமிக்கே குளிரும் போல" என்று பபூன் ஆரம்பிப்பார். விடிய விடியக் கம்பளிக்குள் சிரிப்புச் சத்தம்தான் கேட்கும், முகம் தெரியாது.

வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சிக்கு ஒரு சரித்திரம் உண்டு. தேச விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக நடிகர் விசுவநாததாஸ் இந்த நாடகத்தில் பாடிய கொக்குப் பாட்டில், விரட்டப்பட்ட வெள்ளைக் கொக்கு யார் என்று கீழே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். பலமுறை சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் போனது.

பேச்சுக்காரர்களும் ஊர் சுற்றினார்கள். கிருபானந்த வாரியார் கால் படாத முருகன் தலம் ஏது? அங்கும் ஜாமீன் கோயில்தான். 1990-களில் அறிவொளிக் கலைக்குழுக்கள் நாடகமும் பாட்டுமாகக் கிராமங்களில் எழுத்தறிவு பேசின. அருமையான காரியம். ஆனால் அது 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பணத்தை நம்பி ஓடியது. பணம் குறைந்ததும் பாட்டும் குறைந்தது. ஊர் வரியில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கியிருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

இப்போது கமிட்டியில் இளைஞர்கள் ஆர்கெஸ்ட்ரா கேட்கிறார்கள், பெரியவர்கள் நாடகம் கேட்கிறார்கள். பல ஊர்களில் ஒரு நாள் அது, ஒரு நாள் இது என்று ராஜி. இரண்டுக்கும் வரி ஒன்றுதான். பங்குனி, சித்திரையில் நல்ல ராஜபார்ட் வேண்டும் என்றால் தை மாதமே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் டைரியில் இடம் இருக்காது. மலைக்கு வருவதற்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.